தக்காளியின் காய்பிடிப்பும் கொழும்பின் இரவும்

கொழும்பின் தென்பாலுள்ள வெள்ளவத்தையில் மாடிவீடுகளின் மேற்றளங்களிலும், வடபாலுள்ள கொட்டாஞ்சேனையில் நெருங்கிய முற்றங்களிலும் பூச்சாடிகளிலே தக்காளி வளர்த்துப் பார்த்தோர் பலர். அவர்களது அனுபவம் பெரும்பாலும் ஒரே தன்மையது. விதை குறைவின்றி முளைக்கும், நாற்றுச் செழிக்கும், சில வாரங்களில் மஞ்சள் நிறப் பூக்கள் துணர் துணராகத் தோன்றும். வீட்டார் காயை எதிர்பார்த்திருப்பர். ஒருநாட் காலை பூக்காம்பின் நடுவேயுள்ள கணு மஞ்சளித்திருக்கும். மாலைக்குள் பூ சாடியின் அடியில் விழுந்து கிடக்கும். எரு போதாதென்று எண்ணி எருவிடுவார் சிலர். நீர் போதாதென்று நீர் சொரிவார் சிலர். கண்ணேறு பட்டதென்று கூறி அமைவாரும் உளர். செடியோ மேலும் மேலும் தழைக்குமேயன்றிக் காய்ப்பதில்லை.

இதில் வியப்பு யாதெனின், அதே மதிலோரத்தில் எவரும் விதையாத மணத்தக்காளி ஓயாது காய்த்துக்கொண்டிருப்பதாம். அருகேயுள்ள கத்தரிச் செடியும் குறைவின்றிக் காய்க்கும். மூன்றும் சொலானம் என்னும் ஒரே சாதியைச் சேர்ந்தவை. தமிழர் சமையலில் தக்காளி இன்று பெற்றிருக்கும் இடத்தை நோக்கின், அது அண்மையில் வந்த விருந்து என்பதை நம்புதல் அரிது. மணத்தக்காளிக்கு முன்னரே உரியதாயிருந்த பெயரைத்தான் அப்புதுக்கனி தனதாக்கிக் கொண்டது போலும். உறவினர் மூவருள் ஒருவர் மட்டும் கொழும்பின் இரவைப் பொறாது பூவுதிர்ப்பது ஏன் என்பதும், அப்பண்பு எவ்வாறு பரம்பரையாக ஆளப்படுகின்றது என்பதும் ஆராயத்தக்கவை.

வெள்ளவத்தைச் சந்தையில் விற்கப்படும் தக்காளி கொழும்பில் விளைந்ததன்று. அது மலைநாட்டிலும் வரண்ட வலயத்திலும் விளைந்து, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் வழியாகவோ, முன்னர்ப் புறக்கோட்டையில் இருந்து இப்பொழுது பேலியகொடைக்குப் பெயர்ந்துள்ள மானிங் சந்தையின் வழியாகவோ வந்து சேர்வது. மலையில் மழை மிகுந்தாலும், சமவெளியில் வெப்பம் மிகுந்தாலும் இல்லத்தரசியின் கைப்பை அதனை உடனே உணரும். ஓராயிரம் மீற்றர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறையும். கொழும்பின் ஆண்டுச் சராசரி 27 பாகைக்குச் சற்று மேற்பட்டது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி ஏறக்குறைய 16 பாகை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகள் தக்காளிக்கு இயைந்தனவாயிருப்பது தற்செயலன்று. கொழும்பின் பகல் கொடியதன்று. 30 அல்லது 31 பாகையை அண்டி நிற்பது. சென்னையின் கத்திரி வெயிலோடு ஒப்பிடின் இதமானதே எனலாம். இடர் இரவில் உள்ளது. சித்திரை, வைகாசி மாதங்களில் இராக்கால இழிவு வெப்பநிலை 25 பாகையை நெருங்கும். ஈரப்பதன் மிகுந்த கடற்கரைக் காற்று இரவை ஆறவிடுவதில்லை.

தக்காளியின் தாயகம் தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதி. பேரு, எக்குவடோர் நாடுகளில் அந்தீசு மலைச்சரிவுகளிலும், குளிர்நீரோட்டத்தால் தணிந்த கரையோரங்களிலும் அதன் காட்டுறவுகள் இன்றும் வளர்கின்றன. 1753ஆம் ஆண்டில் இலின்னேயசு அதற்குச் சொலானம் இலைக்கோபேர்சிக்கம் எனப் பெயரிட்டார். அடுத்த ஆண்டே பிலிப்பு மில்லர் அதனைத் தனிச்சாதியாக்கினார். இரு நூற்றாண்டுக்கு மேலாக அப்பிரிவே நிலைபெற்றிருந்து, பரம்பரையலகு ஆராய்ச்சியின் பின் இலின்னேயசின் கருத்தே மீண்டும் வென்றது. அந்தீசுச் சரிவுகளில் பகல் வெம்மையாயிருப்பினும் இரவு குளிர்ந்தது. அவ்வேற்றுமைக்கு நெடுங்காலம் பழகிய செடியையே ஐரோப்பியர் பதினாறாம் நூற்றாண்டில் கப்பலேற்றினர். கத்தரியோ ஆசியாவின் வெப்பநாடுகளில் பிறந்து வளர்ந்தது. உறவினர் மூவரின் வேற்றுமைக்கு முதற்காரணம் இப்பிறந்தகத்து வேற்றுமையே.

வெப்பநிலைக்கும் காய்பிடிப்புக்கும் உள்ள தொடர்பை அளந்து காட்டியவர் பிறிற்சு வென்று என்னும் ஒல்லாந்தத் தாவரவியலறிஞர். இளமையில் உற்றெக்கு நகரிலே, புல்லின் இளமுளையில் வளர்ச்சியைத் தூண்டும் ஒட்சின் என்னும் ஓமோனைப் பிரித்து அளக்கும் முறையைக் கண்டவரும் இவரே. பின்னர் யாவாத் தீவில் சில காலம் பணிபுரிந்து, 1933இல் கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழகம் சென்றார். அங்கே பகலுக்கு ஒரு வெப்பநிலையும் இரவுக்கு வேறொரு வெப்பநிலையும் அமைத்துத் தக்காளியை வளர்த்து, 1944, 1945ஆம் ஆண்டுகளில் தம் முடிபுகளை வெளியிட்டார். இரவு 15 பாகைக்கும் 20 பாகைக்கும் இடைப்பட்டிருக்கும்போது காய் நன்கு பிடிக்கிறது. அதற்கு மேலும் கீழும் குறைகிறது என்பதே அம்முடிபுகளின் சாரம். பகல் இரவு வேற்றுமையைச் செடி உணர்ந்து நடக்கும் இப்பண்பை அவர் வெப்பக்காலவியல்பு எனக் கொண்டார். இரவு வெம்மையாயின் பகலில் ஆக்கிய வெல்லத்தைச் செடி சுவாசத்தில் எரித்துவிடுகிறது. பூவுக்கு உணவு எஞ்சுவதில்லை என்ற விளக்கம் அக்காலத்தில் நல்ல மதிப்புப் பெற்றிருந்தது. அது எவ்வளவு உண்மை என்பது பின்னர்த் தெரியவரும்.

முதலில் பூவின் அமைப்பை நோக்குதல் தகும். தக்காளிப் பூவின் மகரந்தக்கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பு போல அமைந்து தம்பத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. தம்பத்தின் நுனியிலுள்ள குறி அக்கூம்பினுள்ளே அடங்கியிருக்கும். காற்றில் துணர் அசையும்போது மகரந்தக்கூடுகள் உட்புறமாக வெடித்து, மணிகள் குறியின்மேல் உதிரும். ஆகவே இது பெரும்பாலும் தன்மகரந்தச்சேர்க்கை புரிவது. குறியில் ஒட்டிய மணி முளைத்துக் குழாயாகி, தம்பத்தினூடே இறங்கிச் சூல்வித்தை அடைந்து கருக்கட்டல் நிகழ்ந்தால், சூலகத்தில் ஒட்சினும் கிபரெலினும் பெருகும், சூலகம் காயாகும். அவ்வோமோன் செய்தி வாராதாயின், காம்பின் கணுவிலுள்ள பிரிபடை செயற்பட்டுப் பூ உதிரும். உதிர்தல் நோயன்று. கருக்கட்டாத பூவுக்கு மேலும் உணவளியாது செடி கணக்கை முடித்துக்கொள்ளும் ஒழுங்கே அது.

கலாபாகசுத் தீவுகளின் காட்டுத் தக்காளியில் இக்கணுவே இல்லாத வகையொன்றை, கலிபோர்ணியாவின் தேவிசு நகரைச் சேர்ந்த சாள்சு இறிக்கு கண்டெடுத்தார். அத்தீவின் விதைகள் எளிதில் முளையாமை கண்டு அவர் பல வழிகளை முயன்றார். தீவிலுள்ள பேராமைகளின் வயிற்றினூடே சென்று வெளிப்பட்ட விதைகள் நன்கு முளைத்தனவென 1961இல் அவரும் அவர் துணைவரும் எழுதினர். கணுவற்ற அப்பண்பு இன்று பொறிகொண்டு பறிக்கும் தக்காளி இனங்களிற் புகுத்தப்பட்டிருக்கிறது. ஆனால், கணு இல்லையென்பதனால் வெப்பத்தில் காய் பிடித்துவிடாது. உதிர வேண்டிய பூ உதிராது வாடித் தொங்கும், அவ்வளவே. உதிர்தலைத் தடுப்பதும் காய்பிடிக்கச் செய்வதும் வெவ்வேறு காரியங்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வெப்பம் தாக்கும் இடம் எது? பூ விரியும் நாளில் நிகழ்ந்த வெப்பத்தையே பலர் குறைகூறுவர். உண்மையில், தீர்ப்பு அதற்கு முன்னரே எழுதப்பட்டுவிடுகிறது. பூ விரிவதற்கு ஏறத்தாழ 8 முதல் 13 நாள் வரை முன்னதாக, அரும்பு மிகச் சிறியதாயிருக்கும் பருவமே மிக நொய்தான பருவம். அப்பொழுதுதான் மகரந்தத் தாய்க்கலங்களில் ஒடுக்கற்பிரிவு நிகழ்ந்து இளமணிகள் உருவாகின்றன. அவ்விளமணிகளுக்கு ஊட்டமளிக்கும் உட்படை வெப்பத்தால் பழுதுறின், மணிகள் சுருங்கி வெறுமையாகும். பழுதுறாத மணியிலும் வேறொரு குறை நேரும். குளிர்ந்த நிலையில் வளரும் மகரந்தக்கூடு, பூ விரிவதற்குச் சில நாள் முன்னர் மாப்பொருளை நிறையச் சேமித்து, விரியுங்காலத்தில் அதனை வெல்லமாக மாற்றி மணிகளின் முளைப்புக்கு வழங்கும். வெப்பத்தில் அச்சேமிப்பு நிகழ்வதில்லை என 2002ஆம் ஆண்டில் பிரெசுமன் முதலிய இசுரேலிய, அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். எனவே, இன்று உதிரும் பூவுக்குக் காரணம் ஏறக்குறைய இரு வாரத்துக்கு முந்திய இரவுகள் என்று கொள்ளல் வேண்டும்.

தாய்ப்பாகமாகிய சூல்வித்துக்குத் தீங்கில்லையா எனின், உண்டு, ஆயினும் குறைவு. இதனைத் தீர்க்க வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேரி பீற்றும் அவர் குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு அறிவுக்கு விருந்தாவது. மகரந்தமே ஆக்காத மலட்டு இனமொன்றைத் தாயாகக் கொண்டு, வெவ்வேறு வெப்பநிலையில் வளர்ந்த செடிகளின் மகரந்தத்தை அதற்கு இட்டனர். இவ்வாறு தாய் பட்ட வெப்பத்தையும் தந்தை பட்ட வெப்பத்தையும் தனித்தனியே நிறுக்க முடிந்தது. நாட்சராசரி 25 பாகையிலிருந்து 29 பாகைக்கு உயர, காயும் வித்தும் பெரிதும் குறைந்தன. அக்குறைவில் பெரும்பங்கு மகரந்தமளித்த செடி பட்ட வெப்பத்தால் வந்தது. 25க்கும் 29க்கும் இடையிலுள்ள இந்நான்கு பாகைக்குள்ளேயே கொழும்பின் ஆண்டு முழுவதும் அடங்கிவிடுகின்றது என்பது கருதத்தக்கது.

இரண்டாண்டு கழித்து, 2000ஆம் ஆண்டில், சாற்றோ, பீற்று, தோமசு ஆகியோர் ஐந்து இனங்களைப் பகல் 28 இரவு 22 பாகையிலும், பகல் 32 இரவு 26 பாகையிலும் வளர்த்து ஒப்பிட்டனர். பின்னைய இணை கொழும்பின் சித்திரை மாதத்துக்கு மிக அணித்தானது. அவ்வெப்பத்தில் ஐந்தனுள் பிளோரிடா 7156 என்னும் ஒன்றே காய்பிடித்தது. ஒளித்தொகுப்பும் இராக்காலச் சுவாசமும் காய்பிடிப்பைக் கட்டுப்படுத்தவில்லை என்றும், மகரந்தக்கூட்டிலிருந்து மணி வெளிப்படுதலும் வெளிப்பட்ட மணி முளைத்தலுமே கட்டுப்படுத்தின என்றும் அவர்கள் முடிவுகட்டினர். வென்று கண்ட உண்மை நிலைத்தது. அதற்குக் கூறப்பட்ட விளக்கம் திருந்தியது. செடி முழுவதும் வெல்லத்துக்கு வாடவில்லை. வாடியது மகரந்தக்கூடு என்னும் சிற்றறை ஒன்றே. மேலும், இரவு மட்டுமன்றிப் பகலும் இரவும் சேர்ந்த நாட்சராசரியே பெரிதும் பொருட்படுவது எனப் பீற்றின் குழுவினர் கருதினர். கொழும்பைப் பொறுத்தவரை இவ்விரு கொள்கைக்கும் நடைமுறையில் வேற்றுமை சிறிது. பகலை மாற்றுதல் இயலாதாகலின், சராசரியைக் குறைக்கவல்லது குளிர்ந்த இரவொன்றே; அதுவும் இங்கு இல்லை.

வெப்பம் செய்யும் பிறிதொரு தீங்கு கண்ணாலேயே காணத்தக்கது. சில இனங்களில் வெப்பகாலத்துப் பூவின் தம்பம் நீண்டு, குறி மகரந்தக் கூம்புக்கு வெளியே தலைநீட்டும். அப்பொழுது மணிகள் குறிமேல் விழா. காட்டுத் தக்காளியின் தம்பம் இயல்பாகவே நீண்டது. அந்தீசு நாட்டுத் தேனீக்கள் அயல்மகரந்தம் கொணர்ந்து சேர்த்தன. அத்தேனீக்கள் இல்லாத நாடுகளுக்குச் சென்றபின், தம்பம் குறுகிய செடிகளே காய்த்தன. அவற்றின் விதையே மனிதர் கையில் எஞ்சியது. இக்குறுக்கத்துக்குக் காரணமான பரம்பரையலகு 2ஆம் நிறமூர்த்தத்திலுள்ள இசுற்றைல் 2.1 என்பது எனக் கோர்னெல் பல்கலைக்கழகத்து இசுற்றீவன் தாங்சிலியும் பிறரும் 2007இல் நிறுவினர். அலகின் புரதம் மாறவில்லை. அதனை எப்பொழுது, எவ்வளவு செயற்படுத்துவது என்னும் கட்டளைப் பகுதியே மாறியிருந்தது. வளர்ப்பினத்தில் வெப்பம் வந்தபோது தம்பம் மீண்டும் நீள்வது, பழைய காட்டுவழக்கம் தலைகாட்டுவது போலத் தோன்றும். ஆயினும் வெப்பநீட்சிக்கு வேறு அலகுகளும் பொறுப்பாகின்றன.

குளிரின் பக்கத்தைச் சுருங்கக் கூறலாம். இரவு 10 பாகைக்கு அண்மையில் இறங்கினாலும் மகரந்தம் கெடும். பிடித்த காயும் அடிப்புறம் வெடித்து வடுப்பட்டு உருமாறும். நுவரெலியாவில் தை மாத இரவுகள் சில வேளை உறைபனியையும் காண்பதுண்டு. ஆகவே கொழும்பு வெப்பத்தால் இழப்பதை நுவரெலியா குளிரால் இழக்கக்கூடும். ஒரு தீவின் இரு முனைகளும் புகையிரதத்தில் ஒரு நாட்பயணத்துள் அமைந்திருக்கின்றன.

இனி, பரம்பரையைப் பற்றி. மெண்டலின் பட்டாணியில் நெடுமையும் குறுமையும் ஓர் அலகின் இரு வடிவங்களால் ஆளப்பட்டன. வெப்பத்திலும் காய்க்கும் பண்பு அவ்வாறு ஓரலகால் வந்திருப்பின், இனவிருத்தியாளரின் வேலை பத்தாண்டில் முடிந்திருக்கும். 1971இல் தாய்வானின் சான்குவா என்னுமிடத்தில் நிறுவப்பட்ட ஆசிய மரக்கறி ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், தொடக்கத்திலேயே இவ்வினாவை எடுத்துக்கொண்டது. வில்லாறியல் முதலியோர் அங்கே 4,000க்கு மேற்பட்ட தக்காளி வகைகளைக் கோடையில் நட்டுச் சோதித்தனர். வெப்பத்தைத் தாங்கிக் காய்த்தவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பிலிப்பைன் தீவுகளின் நகர்க்கார்லாங்கு போன்ற சில பழைய நாட்டினங்கள் தாங்கும் தன்மை உடையனவாகப் பெயர்பெற்றவை. அவ்வாறானவற்றின் கனிகள் சிறியன, பல மென்மையானவை. பெருங்கனி இனங்களோடு அவற்றைக் கலந்தால், வழித்தோன்றல்களில் காய்பிடிப்பு உயரக் கனியின் பருமன் குறைவதும், பருமன் உயரக் காய்பிடிப்புக் குறைவதும் திரும்பத் திரும்பக் காணப்பட்டன. அந்நிலையத்தினின்று வெளிவந்த சி.எல். 5915 என்னும் வரிசை வெப்பந்தாங்குவதில் சிறந்தது, கனி சிறிது.

இதற்குக் காரணம் உண்டு. காய்பிடிப்பு என்பது ஒரு பண்பன்று. பல பண்புகளின் ஈற்றுத்தொகை. அரும்பு தங்க வேண்டும். ஒடுக்கற்பிரிவு பிழையின்றி நடக்க வேண்டும். மாப்பொருள் சேர வேண்டும். மகரந்தக்கூடு வெடிக்க வேண்டும். தம்பம் நீளாதிருக்க வேண்டும். குழாய் இறங்க வேண்டும். சூல்வித்து ஏற்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் விளைவு பூச்சியமே. சங்கிலியின் கண்ணிகள் ஏழுக்கும் ஏழுவகை அலகுக் கூட்டங்கள் இருப்பின், ஆறு நல்லனவற்றைப் பெற்ற செடியும் ஒன்றும் பெறாத செடியும் வயலில் ஒருபடித்தாகவே காட்சியளிக்கும். தேர்ந்தெடுப்பவன் கண்ணுக்கு நல்லதும் தீயதும் வேறாகத் தோன்றாமையின், தேர்வு பயனற்றுப் போகிறது. வயலில் அளக்கப்படும் காய்பிடிப்பின் பரம்பரைப்பேறு குறைவு என ஆய்வாளர் பலகாலம் கூறிவந்ததன் பொருள் பெரும்பாலும் இதுவே. பிற்காலத்தில், காயை எண்ணுவதை விடுத்து, மகரந்த உயிர்ப்பு, தம்ப நீட்சி முதலியவற்றைத் தனித்தனியே அளக்கத் தொடங்கிய பின்னரே நிறமூர்த்தங்களின்மீது இடம் குறிக்க முடிந்தது. 2017இல் நெதர்லாந்து ஆய்வாளர் வெப்பத்தில் மகரந்த உயிர்ப்பைக் காக்கும் பகுதியொன்றை 11ஆம் நிறமூர்த்தத்தில் கண்டனர். தம்ப நீட்சியை ஆளும் பகுதிகள் வேறு நிறமூர்த்தங்களில் இருந்தன. தக்காளிக்கு நிறமூர்த்தச் சோடிகள் 12. அதன் பரம்பரையலகுத் தொகுதி முழுவதும் 2012இல் வாசிக்கப்பட்டு, ஏறத்தாழ 35,000 அலகுகள் எண்ணப்பட்டன.

கலத்தினுள்ளே வெப்பத்துக்கு எதிராக எழும் காவலைப் பற்றிய அறிவு தாவரத்திலிருந்து வரவில்லை. பழ ஈயிலிருந்து வந்தது. 1962இல் இத்தாலியரான பெருச்சியோ இறித்தோசா, அடைகருவியின் வெப்பநிலை தவறுதலாக உயர்த்தப்பட்டதால், ஈயின் நிறமூர்த்தத்தில் புதிய புடைப்புகள் தோன்றக் கண்டார். வெப்பத்தில் மட்டும் செயற்படும் அலகுகளின் முதற்காட்சி அது. அவ்வலகுகள் ஆக்கும் வெப்பவதிர்ச்சிப் புரதங்கள், பிற புரதங்கள் உருக்குலையாமல் தாங்கி நிற்கின்றன. தக்காளியில் இக்காவலை எழுப்பும் தலைமைக் காரணிகளை யேர்மனியின் பிராங்குபேட்டு நகரில் உலுற்சு நோவரும் அவர் மரபினரும் ஆராய்ந்தனர். எச்.எசு.எவ். ஏ1 என்னும் காரணி அடக்கப்பட்ட செடி சாதாரண நிலையில் நன்கு வளர்ந்தும், வெப்பம் வந்ததும் மடிந்தது என 2002இல் காட்டப்பட்டது. ஏ2 என்னும் மற்றொரு காரணி மகரந்தத்தில் சிறப்பாகச் செயற்படுவது. அதனை அடக்கினால் வெப்பமுற்ற இளமணிகளின் உயிர்ப்புக் குறைகிறது என 2016இல் வெளியாயிற்று. மகரந்தக்கூடு வெப்பம் வருவதற்கு முன்னரே இப்புரதங்களை ஓரளவு சேமித்து வைக்க முயல்கிறது. மழைக்கு முன் கூரை வேய்பவனின் முன்மதி அது. ஆயினும் திடீர் வெப்பத்துக்கு எதிரான இக்காவல், கொழும்பில் உள்ளது போல நாள்தோறும் நீங்காதிருக்கும் மிதவெப்பத்துக்கு எவ்வளவு உதவும் என்பது வேறு வினா. ஆய்வுகூடத்தில் 40 பாகையில் ஒரு மணிநேரம் செய்யும் சோதனையைக் கொண்டு வெள்ளவத்தை மாடிக்கு இனந்தேர்தல் அறிவுடைமையாகாது.

மகரந்தமே வேண்டாத தக்காளி கிடைக்குமா என்பது மற்றொரு வழி. 1936இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பீலிக்சு கசுத்தாவ்சன், ஒட்சின் போன்ற பொருள்களைச் சூலகத்தில் இட்டு, கருக்கட்டலின்றியே தக்காளி காய்க்கச் செய்தார். அன்றுதொட்டு, ஓமோன் தெளித்துக் காய்பிடிக்கச் செய்தல் பல நாடுகளில் வழக்கமாயிற்று. ஆனால் அவ்வாறு பிடித்த கனி பலவேளை உள்ளீடு குன்றிப் பொள்ளலாகும். ஓமோனின்றித் தானாகவே இவ்வாறு காய்க்கும் பண்பு, கன்னிக்கனியமாதல், சில இனங்களில் இயற்கையாகவே உண்டு. உருசிய நாட்டுச் செவெறியானின் என்னும் இனம் குளிரிலும் காய்ப்பதற்காகப் பேணப்பட்டது. அதன் பண்புக்குரிய பற்று-2 என்னும் அலகு பின்னிடைவானது. ஆகவே தாயும் தந்தையும் அதனைச் சுமந்தாலன்றி வெளிப்படாது. குளிருக்கென்று தேடிய பண்பு வெப்பத்துக்கும் உதவுதல் காண்க. இரு முனையிலும் தவறுவது மகரந்தமேயாகலின், மகரந்தத்தை வேண்டாத செடி இரு முனையையும் தாண்டுகிறது.

இவ்வழியில் ஒரு முட்டுப்பாடு உண்டு. வித்தில்லாக் கனியை விரும்பிப் புசிப்பவருக்கு அது நலமே. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நல்ல கனியைப் பிழிந்து, சாம்பலிற் புரட்டி உலர்த்தி, அடுத்த போகத்துக்கு விதை வைப்பாராயின், வித்தில்லாக் கனி அவரை விதைக்கடைக்கு அடிமையாக்கும். 2017இல் இசுரேலில் கண்டறியப்பட்ட ஏ.சி.எல். 6 என்னும் அலகின் விகாரம் இம்முட்டுப்பாட்டை ஒருவாறு தீர்க்கின்றது. அவ்வலகு செயலிழந்த செடி, வெப்பத்தில் மகரந்தம் தவறினால் வித்தின்றிக் காய்க்கும்; இதமான பருவத்தில் மகரந்தம் கிடைத்தால் வித்தோடு காய்க்கும். கனியின் எடையும் வடிவும் கெடுவதில்லை. சூலகம் காயாகாமல் தடுத்துவைக்கும் பூட்டுப் போன்றது அவ்வலகு. மகரந்தம் வந்து திறக்க வேண்டிய பூட்டு இவ்விகாரத்தில் திறந்தே கிடக்கிறது. இதுவரை கண்ட வழிகளுள் வெப்பநாட்டுக்கு மிகவும் நம்பிக்கை தருவது இதுவே எனலாம். ஏழு கண்ணிகளையும் ஒவ்வொன்றாகச் செப்பனிடுவதினும், சங்கிலியைச் சுற்றிச் செல்வது எளிது.

இந்தியாவில் இத்துறை வேலை பழமையானது. புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பூசா சீத்தல் இரவு 8 பாகைக்குளிரிலும் காய்பிடிப்பது. பூசா கலப்பினம் 1 இரவு 28 பாகையிலும் காய்பிடிப்பது. பூசா சதாபகார் இருபுறமும் தாங்குவது. தில்லியின் கோடையும் குளிரும் ஒன்றற்கொன்று எதிரான இத்தேவைகளை அக்கழகத்தின்மேல் சுமத்தின. தமிழ்நாட்டில் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1, அன்னஞ்சி என்னும் உள்ளூர் வகையில் விகாரத்தைத் தூண்டிப் பெறப்பட்டது.

இலங்கையில் விவசாயத் திணைக்களத்தின் பூங்கனியியல் பயிர் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவகம் பேராதனையை அடுத்த கன்னொறுவையில் அமைந்துள்ளது. ரி-245, திலின, மகேஷி, ராஜித முதலிய இனங்கள் திணைக்களத்தின் சிபாரிசு பெற்றவை. ஈண்டு இனவிருத்தியாளர் எதிர்நோக்கும் பகை வெப்பம் ஒன்றன்று. வெப்பமும் ஈரமும் கூடிய மண்ணில் இறால்சுத்தோனியா என்னும் பற்றீரியாவால் வரும் வாடல்நோய், பச்சைச் செடியை இரு நாளில் சாய்த்துவிடும். காய்பிடிப்பை நோக்கித் தெரிந்த இனம் வாடலால் மடிதலும், வாடலைத் தாங்கும் இனம் பூவுதிர்த்தலும் வெப்பவலயத்தின் பழந்துயரம். வாடலுக்கு ஒட்டுமுறை ஒரு மருந்து. தாய்வான் நிலையம் கத்தரியின் வேர்த்தண்டில் தக்காளியை ஒட்டும் முறையைப் பரப்பியது. கத்தரி வேர் வாடலையும் வெள்ளத்தையும் தாங்கும். ஆனால் வேர் கத்தரியினதாயினும் பூ தக்காளியினதே. அதன் மகரந்தக்கூடு அந்தீசு இரவையே நாடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டார் இச்சிக்கலை நாட்காட்டியால் தீர்த்தனர். வடகீழ்ப் பருவமழை தணியுங்காலத்தில் நாற்று நட்டு, ஆண்டிலேயே குளிர்ந்தனவாகிய தை, மாசி இரவுகளில் அரும்பும் பூவும் அமையும்படி செய்தனர். பங்குனியில் வெயில் ஏறும்போது காய் முன்னரே பிடித்திருக்கும். பிடித்த காய்க்கு வெப்பம் அத்துணைக் கேடன்று. மகரந்தத் தாய்க்கலத்தின் ஒடுக்கற்பிரிவை அவர்கள் அறியார். எனினும் அதன் பருவத்தை அவர்களின் நடுகை நாள் அறிந்திருந்தது.

கொழும்பில் இவ்வாய்ப்புக் குறுகியது. மார்கழி, தை, மாசி மாதங்களில் இரவு 22, 23 பாகைவரை இறங்கும். அதுவே இந்நகரத் தக்காளியின் காலம். ஐப்பசியில் விதைத்தால் அரும்புகள் அக்காலத்தில் அமையும். சீமெந்துத் தளம் பகலில் உண்ட வெப்பத்தை இரவெல்லாம் உமிழ்வதால், சாடியைத் தளத்தினின்று உயர்த்தி வைத்தல் நன்று. ஈரக்காற்றில் மணிகள் ஒட்டிக்கொண்டு உதிராவாகலின், முற்பகலில் காற்று உலர்ந்தபின் துணரை விரலால் மெல்லத் தட்டிவிட வேண்டும். பெருங்கனி இனங்களை விடுத்துச் சிறுகனி இனங்களைத் தேர்ந்தால் இழப்புக் குறையும். இலங்கையின் பல வானிலை நிலையங்களில் இராக்கால இழிவு வெப்பநிலை கடந்த பல பத்தாண்டுகளில் உயர்ந்து வந்திருக்கிறது. கொழும்புக்குரிய மூன்று மாதச் சாளரத்தின் விளிம்பு 25 பாகைக்கு இரண்டு மூன்று பாகை தொலைவிலேயே நிற்கிறது. பண்டாரவளைக்கு இன்னும் அகலமான இடைவெளி உண்டு. பங்குனிக்குப் பின் மாடியில் விரியும் பூக்கள் பெரும்பாலும் உதிர்வனவே. அப்பொழுது செடியைக் களைந்து, அச்சாடியில் கத்தரி நடலாம்.